தோல் பந்தும் துடுப்பும்

எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு இரண்டு டிரில் பீரியட் உண்டு. எங்களுடையது தஞ்சாவூர் ஜில்லாவில் ஓர் ஆற்றங்கரை ஊர். 1961-ஆம் வருஷம், நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, டிரில் வாத்தியார் ஒரு நாள் கால்பந்தை எடுத்துவந்து எங்களை ஓடவிட்டார். ஒரு தடவை பந்து என் நெஞ்சில் வந்து மோதியது. வலித்தது. ஆனாலும் ஏதோ பெரிய சாகசம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து பாட்டியிடம் சொன்னேன். பந்து எதனால் செய்தது என்பதுதான் பாட்டி கேட்ட ஒரே கேள்வி. தோல் என்றதும் வாசற்படி ஏறவிடவில்லை. கொல்லைப்புறமாக வரச்சொல்லி, கிணற்றடியில் தலையோடு தண்ணீர் கொட்டி, உடுத்தியிருந்ததை நனைத்துப் போட்ட பிறகுதான் உள்ளே விட்டாள்.

மறுவாரமே அப்பா ஹெட்மாஸ்டருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். பையனுக்கு மூச்சிரைப்பு இருப்பதால் டிரில்லிலிருந்து விலக்கு அளிக்கவேண்டும் என்பது அதன் சாரம். எனக்கு மூச்சிரைப்பு எதுவும் கிடையாது. அன்றிலிருந்து டிரில் பீரியட்டில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினேன். வகுப்புத் தலைவனாகவும் என்னையே போட்டார்கள். முதல் மார்க் வாங்குகிறவன்தான் தலைவன் என்பது அப்போதைய ஏற்பாடு. வாத்தியார் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைப்பது தலைவனின் வேலை. என் தலைமைப் பயிற்சி அதோடு முடிந்தது.

பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து, பரீட்சை எழுதி, மத்திய அரசு உத்தியோகத்தில் சேர்ந்தேன். 1975 ஆகஸ்டில் பாட்னாவில் பெரும் வெள்ளம் வந்தபோது நான் அங்கே இருந்தேன். மாடியில் நான் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். இருவருக்கும் எழுபது வயதுக்கு மேல். இரவோடு இரவாகக் கீழ்ப்பகுதியில் தண்ணீர் ஏறியது. பக்கத்துச் சந்தில் இருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் லாரி டயரின் டியூபைத் தள்ளிக்கொண்டு நீந்திவந்து, அந்தப் பெரியவர்களை ஒவ்வொருவராக மாடிப்படிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான் படிக்கட்டில் நின்று டார்ச் பிடித்தேன். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நிரூபணத்தோடு எழுதத் தெரிந்தவன் நான். ஆற்றங்கரையில் பிறந்தவன். ஆனால் எனக்கு மிதக்கத் தெரியாது.

இந்தக் கட்டுரை என்னைப் பற்றியதல்ல. ஆனால், அடுத்து நான் சொல்லப்போகும் மனிதரைப் பற்றிக் கேள்விப்பட்டபோது என் மனதில் ஏன் தைத்தது என்பது விளங்க, இவ்வளவும் சொல்லவேண்டியிருந்தது.

1983-இல் எனக்கு ஸ்ரீநகருக்கு மாற்றலாயிற்று. அங்கே நான் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு வயதான காஷ்மீரி பண்டிதர் இருந்தார். மாநில அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்து வயதிலும் முதுகு வளையாமல் நடப்பார். ஒரு நாள் பேச்சுவாக்கில் என் பாட்னா கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் படித்த பள்ளியில் நீச்சல் தெரியாத பையனுக்குச் சம்பளத்தை உயர்த்திவிடுவார்களாம். அந்தப் பள்ளியை நடத்தியவர்தான் ஸெஸில் ஏர்ல் டிண்டேல் பிஸ்கோ.

சுக்கான் பிடித்த சிறுவன்

பிஸ்கோ 1863-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பிரதேசத்தில் நிலபுலன்கள் உள்ள குடும்பத்தில் பிறந்தார். பிராட்ஃபீல்டு என்ற உறைவிடப் பள்ளியில் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜில் ஜீசஸ் கல்லூரி. ஆள் குள்ளம், எடையும் குறைவு. படிப்பிலும் பெரிய பெயர் எடுத்தவரல்ல. ஆங்கிலேய உறைவிடப் பள்ளிகளில் அந்தக் காலத்தில் விளையாட்டு என்பது மதம் மாதிரி. உடம்பில் பலம் இல்லாத பையன் அங்கே என்ன செய்வான்? பிஸ்கோ படகுக்குப் போனார்.

எட்டுப் பேர் துடுப்புப் போடும் பந்தயப் படகில், ஒன்பதாவது ஆளாகப் பின்கோடியில் ஒருவர் உட்காருவார். அவரைக் காக்ஸ் என்பார்கள். துடுப்புப் போடுகிறவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் பார்க்கிற ஒரே ஆள் காக்ஸ்தான். சுக்கான் பிடிப்பதும், எல்லாத் துடுப்பும் ஒரே தாளத்தில் விழும்படி குரல் கொடுப்பதும், யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று கவனிப்பதும் அவர் பொறுப்பு. பௌதிகக் கணக்குப்படி அவர் எடை படகுக்கு வெறும் சுமை. ஆகவே ஒல்லியான ஆளாகத் தேடுவார்கள். பிஸ்கோவின் குறை அங்கே தகுதியாக மாறியது. 1884-ஆம் வருஷம் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் தேம்ஸ் நதியில் நடந்த புகழ்பெற்ற படகுப் பந்தயத்தில் கேம்பிரிட்ஜ் படகின் காக்ஸ் அவர்தான். பந்தய தூரம் ஏறக்குறைய 6.8 கிலோமீட்டர். கேம்பிரிட்ஜ் ஜெயித்தது.

தன்னைவிடப் பலசாலிகளான எட்டுப் பேரை, தான் ஒரு துடுப்பும் போடாமல், ஒரே திசையில் கொண்டுசெல்லும் வித்தையை இருபத்தொரு வயதில் அவர் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவர் செய்ததெல்லாம் இந்த வித்தையின் விரிவுரை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பட்டம் பெற்றுப் பாதிரியாராகி, கிழக்கு லண்டனின் ஏழைக் குடியிருப்புகளில் சிறிது காலம் பணி செய்தார். அதன் பிறகு சர்ச் மிஷனரி சங்கம் அவரைக் காஷ்மீருக்கு அனுப்பியது. 1890-இல் ஸ்ரீநகர் வந்து சேர்ந்தார். அந்தச் சங்கம் 1880-இல் தொடங்கியிருந்த பள்ளிக்கூடத்தை அப்போது ஹின்டன் நோல்ஸ் என்ற பாதிரியார் நடத்திவந்தார். காஷ்மீரின் நாட்டுப்புறக் கதைகளையும் பழமொழிகளையும் தொகுத்தவர் அவர். ஜீலம் நதியின் மூன்றாவது பாலமான ஃபதேகதலுக்கு அருகில் பள்ளி இருந்தது.

நமக்குத் தெரிந்த வீடுகள்

பிஸ்கோ வகுப்பறையில் பார்த்தது சுமார் 200 பையன்களை. அவர்களில் பெரும்பாலோர் பண்டிதர் வீட்டுப் பிள்ளைகள். கணுக்கால் வரை தொங்கும் பெரன் அங்கி, அதற்குள்ளே குளிருக்குக் காங்ரி என்ற தணல் கூடை, தரையில் சம்மணம் போட்டுப் பாடத்தை உருப்போடும் வழக்கம். அவர்களில் பலர் கல்யாணமானவர்கள். ஓடுவது, குதிப்பது, பாரம் தூக்குவது, துடுப்புப் போடுவது எல்லாம் கூலிக்காரர்களும் படகோட்டிகளும் செய்கிற காரியம். குலப்பிறப்பு உள்ளவன் செய்யலாகாது.

பண்டிதர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் தொகையில் சிறிய சமூகம். முஸ்லிம்களே பெரும்பான்மை. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பாரசீகம் படித்து, சமஸ்தானத்தின் கணக்கையும் கச்சேரியையும் கையில் வைத்திருந்தவர்கள் பண்டிதர்கள்தான். 1889-இல் சமஸ்தானத்தின் ஆட்சி மொழி பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு மாறியது. பஞ்சாபிலிருந்து இங்கிலீஷ் தெரிந்தவர்கள் வந்து உத்தியோகங்களில் அமர ஆரம்பித்தார்கள். பிள்ளைக்கு வேலை கிடைக்கவேண்டுமானால் இங்கிலீஷ் வேண்டும், இங்கிலீஷ் வேண்டுமானால் மிஷன் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்ற நிலை வந்தது. வைதிகக் குடும்பங்கள் பாதிரியார் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பியதன் காரணம் இதுதான். இதைப் படிக்கும் நம் உறுப்பினர்களில் பலருக்கு, ஊர் பெயரை மட்டும் மாற்றினால் இது அவரவர் தாத்தாவின் கதையாக இருக்கும். கும்பகோணத்திலும் திருச்சியிலும் நடந்ததற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

பந்து வந்தது

1891-இல் பிஸ்கோ பம்பாயிலிருந்து ஒரு தோல் பந்தைக் கொண்டுவந்தார். காஷ்மீருக்கு வந்த முதல் கால்பந்து அதுதான் என்கிறார்கள். பையன்களிடம் காட்டினார். எதனால் செய்தது என்று கேட்டார்கள். என் பாட்டி கேட்ட அதே கேள்வி! தோல் என்றதும், தொடவே முடியாது, அது தீட்டு என்று மறுத்துவிட்டார்கள்.

அன்று மாலை பையன்களை மைதானத்துக்கு அணிவகுத்து அழைத்துச் சென்றார். எல்லையில் ஆசிரியர்களைக் கையில் கம்புடன் நிறுத்தினார். ஆட்ட விதிகளைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பந்தை உதைக்கச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. சில நிமிஷம் அவகாசம் கொடுத்தார். அதன் பிறகு கம்புகள் முன்னேறின. பையன்கள் பயந்து ஓட, பந்து உதைபட ஆரம்பித்தது. செருப்புகள் பறந்தன, தலைப்பாகைகள் அவிழ்ந்தன. வேடிக்கை பார்க்க ஊர் கூடிவிட்டது. அந்த நேரத்தில் ஒரு பையனின் முகத்தில் பந்து நேராகப் பட்டது. ஆட்டம் நின்றது. அவன் அழ, மற்றவர்களும் கலங்கிப்போனார்கள். தோல் வாயில் பட்டுவிட்டதே, இனி என்ன கதி? பிஸ்கோ அவனை வாய்க்காலுக்கு அழைத்துப்போய் முகத்தைக் கழுவிவிடச் சொன்னார். கழுவினார்கள். அவன் திரும்பி வந்தான். ஆட்டம் தொடர்ந்தது.

இந்த நிகழ்ச்சி பிஸ்கோவைப் பற்றிச் சொல்லும் எல்லோரும் சொல்வது. பலர் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். அடுத்த வீட்டுப் பெரியவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையனுக்கு வாய்க்கால், எனக்குக் கிணற்றடி. இரண்டு பேருக்கும் தண்ணீர்தான் பரிகாரம். அவன் கழுவிக்கொண்டு மைதானத்துக்குத் திரும்பினான். நான் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

கம்பு சரியா?

நாணயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். பிஸ்கோ செய்தது பலாத்காரம். இன்று ஒரு ஆசிரியர் இப்படிச் செய்தால் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி நடவடிக்கைக்கு ஆளாவார், ஆகவும் வேண்டும். மேலும் அவர் ஆளும் இனத்தைச் சேர்ந்தவர். காஷ்மீரிகளைப் பற்றி அவர் எழுதியவற்றில் பரிவும் உண்டு, ஏளனமும் உண்டு. கோழைகள், அழுக்கர்கள் என்கிற தோரணையில் அவர் எழுதியிருப்பதை ஒரு காஷ்மீரி எப்படிப் படிப்பான் என்று யோசித்தால் நமக்கே முகம் சுருங்கும். ஆங்கிலேய உறைவிடப் பள்ளிப் பையன்தான் மனிதனுக்கு இலக்கணம் என்று அவர் நம்பினார். அந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு முன்பு வாழ்ந்த மகா பண்டிதர்களும் ஞானிகளும் அவர் கணக்கில் வரவில்லை.

அவர் நோக்கம் மதமாற்றமாக இருக்கும் என்றும் பலர் சந்தேகப்பட்டார்கள். பிள்ளைகளை நிறுத்திக்கொண்ட பெற்றோர் உண்டு. 1905-இல் அன்னி பெசண்ட் அம்மையார் ஸ்ரீநகரில் இந்துக் கல்லூரி தொடங்கியதற்கு, நம் பிள்ளைகள் நம் தர்மத்திலேயே படிக்கவேண்டும் என்ற எண்ணமும் காரணம். அந்தக் கல்லூரிதான் பிற்பாடு ஸ்ரீ பிரதாப் கல்லூரியாக வளர்ந்தது. ஆனால் பிஸ்கோவின் விஷயத்தில் நடந்தது வேறு. அவர் பள்ளியில் பைபிள் வகுப்பு இருந்தது. ஆயினும் அத்தனை வருஷங்களில் மதம் மாறியவர்கள் மிகச் சொற்பம். இதற்காக மிஷனரி வட்டாரத்திலேயே அவர்மீது குறை சொன்னார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. பையன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், ஆற்றில் விழுந்தவனைக் கண்டால் குதிக்கிறானா என்பதுதான் அவர் பார்த்தது.

கம்பினால் ஒரு நாள் பந்தை உதைக்க வைக்கலாம். ஐம்பது வருஷம் ஒரு பள்ளியை நடத்த முடியாது. பையன்களை மாற்றியது வேறு ஏதோ இருக்கவேண்டும். அது என்ன என்பதைத்தான் நான் அந்தப் பெரியவரிடமும், பிறகு புத்தகங்களிலும் தேடினேன்.

ஆறும் தீயும் காலராவும்

முதல் காரணம், அவர் பையன்களைச் செய்யச் சொன்ன எதையும் தானே முன்னால் நின்று செய்தார். ஸ்ரீநகர் ஜீலம் நதியின் இரு கரையிலும் இருக்கும் ஊர். வாய்க்கால்கள், ஏரிகள், அடிக்கடி வெள்ளம். அப்படிப்பட்ட ஊரில் பண்டிதர் பையன்களுக்கு நீச்சல் தெரியாது. துடுப்பைத் தொட்டால் படகோட்டி என்று ஊர் சிரிக்கும். கேம்பிரிட்ஜ் படகில் சுக்கான் பிடித்த மனிதர் ஜீலம் நதியில் படகை இறக்கி, ஆசிரியர்களையும் மாணவர்களையும் துடுப்புப் போட வைத்தார். முதலில் ஊரார் கண்ணில் படவே கூசினார்கள். பிறகு அதுவே பெருமையாயிற்று. நாளடைவில் பண்டிதர் பையனும், முஸ்லிம் பையனும், படகோட்டியின் பையனும் ஒரே படகில் உட்கார்ந்தார்கள். துடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் விழாவிட்டால் படகு நேராகப் போகாது. அந்தக் கணக்கில் ஜாதிக்கு இடமில்லை. தால் ஏரியை நீந்திக் கடப்பது வருஷா வருஷம் நடக்கும் பள்ளி விழாவாயிற்று.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். விளையாட்டு விளையாட்டோடு நிற்கவில்லை. 1892-இல் காஷ்மீரில் காலரா வந்து 11,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1893-இலும் 1903-இலும் பெருவெள்ளம். ஸ்ரீநகர் வீடுகள் மரத்தால் ஆனவை. தீப்பிடித்தால் தெரு தெருவாக எரியும். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க, பிஸ்கோவின் பையன்கள் வரிசையாக நின்று ஆற்றுத் தண்ணீரைக் கைமாற்றித் தீயை அணைத்தார்கள். வெளியே எடுத்துப்போட்ட சாமான்களைத் திருடர்களிடமிருந்து காவல் காத்தார்கள். வெள்ளத்தில் படகோட்டி, மொட்டை மாடிகளிலும் மரங்களிலும் தவித்தவர்களை மீட்டார்கள். நோய்க்குக் காரணமான குப்பையை அகற்ற, ஆசிரியரும் மாணவருமாக மண்வெட்டி பிடித்தார்கள். மிஷன் ஆஸ்பத்திரியை ஆர்தர் நீவ், எர்னஸ்ட் நீவ் என்ற டாக்டர் சகோதரர்கள் நடத்தினார்கள். அங்கே தேறிவரும் நோயாளிகளைப் படகில் ஏற்றித் தால் ஏரியில் காற்று வாங்க அழைத்துச் செல்வது பையன்களின் வழக்கமான கடமைகளில் ஒன்று. குளிர்காலத்தில் தீனியில்லாமல் சாகக் கிடந்த கழுதைகளுக்குக் கூடத் தீனி போட்டார்கள்.

பள்ளியின் சின்னத்தைப் பாருங்கள். குறுக்காக வைத்த இரண்டு துடுப்புகள். துடுப்பின் அலகு இருதய வடிவில் இருக்கும். கைப்பிடி பலத்துக்கு, அலகு இரக்கத்துக்கு அடையாளம். எல்லாக் காரியத்திலும் மனிதராக இருக்கவேண்டும் என்பது பள்ளியின் குறிக்கோள். பலத்தையும் இரக்கத்தையும் சேர்த்தால்தான் மனிதன் என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். பலம் மட்டும் இருந்தால் முரடன். இரக்கம் மட்டும் இருந்தால், என்னைப் போல் படிக்கட்டில் டார்ச் பிடித்து நிற்பவன்.

மார்க் ஷீட்டில் மூன்று பகுதி

மூன்றாவது காரணம், அரசாங்கத்தில் கோப்புப் பார்த்த எனக்கு மிகவும் பிடித்தது. பிஸ்கோ மார்க் போடும் முறையையே மாற்றினார். உடல், அறிவு, ஆன்மா என்று பையனின் மதிப்பெண் தாளில் மூன்று பகுதிகள். பாடங்களுக்கு ஒரு பகுதிதான். நீச்சல், துடுப்பு, மலையேற்றம், விளையாட்டு ஆகியவை இன்னொரு பகுதி. ஆசிரியரிடமும் சகமாணவரிடமும் ஊராரிடமும் எப்படி நடந்துகொள்கிறான் என்பது மூன்றாவது பகுதி. கணக்கில் புலியாக இருப்பவன், தீப்பிடித்த தெருவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் முதலாவதாக வரமுடியாது.

நீச்சல் விஷயத்தில் இன்னும் ஒருபடி போனார். குறிப்பிட்ட வயதுக்குள் நீந்தக் கற்காவிட்டால் சம்பளம் உயரும். அப்பாமார்களுக்குப் புரிகிற பாஷையில் பேசத் தெரிந்தவர்! பையனுக்கு மூச்சிரைப்பு என்று கடிதம் எழுதுகிற தகப்பனார்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். ஆனால் அந்தக் கடிதத்துக்கு அங்கே ஒரு விலை இருந்தது.

நான்காவதாக ஒன்று. இவ்வளவையும் ஒரு வெள்ளைக்காரர் தனியாகச் செய்துவிடவில்லை. அவரோடு நின்ற ஆசிரியர்களில் பெரும்பாலோர் பண்டிதர்களே. அவர்களில் அதே பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள் பலர். தலைமையாசிரியராக இருந்த பண்டிதர் சங்கர் கௌல் அவர்களில் முக்கியமானவர். பிஸ்கோவுக்காவது ஊர்ப் பழிப்பு வெளியிலிருந்து வந்தது. இவர்களுக்குச் சொந்த வீட்டுத் திண்ணையில் காத்திருந்தது. மாலையில் மண்வெட்டி பிடித்துவிட்டு, இரவில் பெரியவர்களுக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் அவர்கள். உண்மையான துணிச்சல் அவர்களுடையது என்பது என் அபிப்பிராயம். சரித்திரம் சுக்கான் பிடித்தவர் பெயரைத்தான் வைத்துக்கொள்கிறது. படகு நகர்வது துடுப்பால்.

பிஸ்கோ இளம் விதவைகளின் மறுமணத்துக்காகவும் பேசினார். பெண்கள் படிப்பதை ஊர் ஏற்காத காலத்தில், 1912-இல், மிஷன் பெண்கள் பள்ளியைத் தொடங்கியது. பின்னால் அதை நெடுங்காலம் நடத்திய மியூரியல் மாலின்சன் அம்மையாரின் பெயரில் அது இன்றும் வழங்குகிறது. ஆண்கள் பள்ளிகள் கிளைகளாகப் பெருகி, மாணவர் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. அரசாங்கம் பிஸ்கோவுக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. மனைவி பிளான்ச் அம்மையார் இவ்வளவு காலமும் உடன் நின்றார்.

1947-இல், ஏறத்தாழ 57 வருஷம் கழித்து, எண்பத்து நான்கு வயதில் அவர் காஷ்மீரை விட்டுப் புறப்பட்டார். ஆப்பிரிக்காவில், அன்றைய ரொடீஷியாவில், 1949-இல் காலமானார். ஷேக் பாகில் அவர் பெயரைத் தாங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது.

அடுத்த வீட்டுப் பெரியவர்

என் அடுத்த வீட்டுப் பெரியவர் அந்தப் பள்ளியில் படித்தது 1920-களில். அவர் தினமும் சந்தியாவந்தனம் விடாதவர். சிவராத்திரியை காஷ்மீரில் ஹேரத் என்பார்கள். அன்று அவர் வீட்டுப் பூஜையை நான் பார்த்திருக்கிறேன். தோல் பந்தை உதைத்ததால் அவருடைய ஆசாரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதே சமயம், பள்ளியைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் ஒரு பதிமூன்று வயதுப் பையன் வந்துவிடுவான்.

1990-இல் ஆயிரக்கணக்கான பண்டிதர் குடும்பங்களைப் போல அவர் குடும்பமும் வீட்டை விட்டு ஜம்முவுக்கு வரும்படி ஆயிற்று. கூடாரத்தில் இருந்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய அவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. தன் கஷ்டத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டார். மீதிக் கடிதம் முழுவதும், தண்ணீர் லாரி வரும்போது யார் யாருக்கு எத்தனை வாளி என்று வரிசை கட்டி நிறுத்துவதைப் பற்றியும், நடக்க முடியாதவர்களுக்கு முதலில் கொண்டுபோய்க் கொடுக்கப் பையன்களைப் பழக்கியிருப்பதைப் பற்றியும் இருந்தது. அதைப் படித்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். சிறிது நேரம் வேலை ஓடவில்லை. வீடு, தோட்டம், ஊர் எல்லாம் போன பிறகும் அவரிடம் மிச்சமிருந்தது அந்த மூன்றாவது பகுதி மார்க்தான்.

ஒரு வேண்டுகோள்

ஓய்வு பெற்ற பிறகு, அறுபத்தொன்றாவது வயதில், நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். என் பக்கத்தில் தண்ணீரில் காலை உதைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வயது ஆறு, ஏழு. மூன்று மாதத்தில் குளத்தின் அகலத்தைக் கடந்தேன், நீளத்தை அல்ல. இதனால் யாரையும் காப்பாற்றப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அறுபது வருஷக் கடன் ஒன்றில் கொஞ்சம் அடைத்தமாதிரி இருந்தது.

என் பாட்டியையோ அப்பாவையோ நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு மார்க்கும் உத்தியோகமும்தான். அந்தப் பாதுகாப்பில்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். ஆனால் அவர்கள் எனக்குக் கொடுத்த அதே கடிதத்தை, மூச்சிரைப்பு என்பதற்குப் பதிலாக நுழைவுத் தேர்வு என்று எழுதி, என் மகனுக்கு நானும் கொடுத்தேன். அவனும் இப்போது கெட்டிக்காரன், நல்ல வேலையில் இருக்கிறான், நீந்தத் தெரியாது. குறை சொல்வதென்றால் என்னைத்தான் சொல்லவேண்டும். ஏனென்றால் நான் பாட்னாவையும் ஸ்ரீநகரையும் பார்த்த பிறகு அதைச் செய்தேன்.

நம் சங்கத்தின் பல கிளைகளில் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அதிக மார்க் வாங்கிய குழந்தைகளுக்கு வருஷந்தோறும் பரிசு கொடுக்கிறோம். நல்ல காரியம், தொடரட்டும். விண்ணப்பப் படிவத்தில் இன்னும் இரண்டு வரி சேர்க்கலாமே என்பதுதான் என் யோசனை. எந்த விளையாட்டில் மூன்று வருஷமாவது ஈடுபட்டிருக்கிறாய் என்று ஒரு வரி. வீட்டார் அல்லாத ஒருவருக்கு இந்த வருஷம் உன் கையால் என்ன செய்தாய் என்று இன்னொரு வரி. முதல் வருஷம் பல படிவங்களில் அந்த இடம் காலியாகவே வரும். வரட்டும். காலியான இடத்தைப் பார்த்தால்தான் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் அப்படி ஒரு பகுதி இருப்பதே தெரியும்.

எந்தக் கிளையாவது இதைத் தொடங்குவதாக இருந்தால், முதல் பரிசுக்கு என் பென்ஷனிலிருந்து என்னால் ஆனதைத் தருகிறேன். கோப்பையாகக் கொடுக்கவேண்டாம். ஒரு நல்ல கால்பந்தாக வாங்கிக் கொடுங்கள்.